ஆடி முழுமதிக்கு முன் ஒரு சொல்

பர்மாவிலிருந்து திரும்பி வந்த மறுநாள் விடியலில் என் கணவர் முதலில் செய்த காரியம், கூடத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததுதான். பாயை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் கால்களை மடக்கி, கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்களை மூடியிருந்தார். நான் காப்பித் தம்ளருடன் பின்னால் நின்றேன். மந்திரம் ஏதோ சொல்கிறார் என்று எண்ணிச் சற்றுக் காத்திருந்தேன். உதடு அசையவில்லை; விரல் எதையும் எண்ணவில்லை. காப்பியில் ஆடை படிந்தது. கடைசியில் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். வைத்த ஓசை தேவைக்குச் சற்று மிகுதி என்பது எனக்கே தெரிந்தது.

எங்களுக்கு மணமானது ஐம்பதுகளின் தொடக்கத்தில். சில மாதங்களிலேயே அவர் இரங்கூனில் ஒரு மர வணிக நிறுவனத்துக்கு எழுத்தராகப் போய்விட்டார். இடையிடையே விடுப்பில் வந்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒருவருக்கொருவர் பழகி முடிப்பதற்குள் கப்பல் நாள் வந்துவிடும். குழந்தை இல்லை. அந்த ஆண்டுகளில் நான் புலவர் தேர்வு எழுதித் தேறி, திருச்சிராப்பள்ளியில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை ஆனேன். திருவரங்கத்தில் அடையவளைந்தான் தெருவில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்குப் பிடித்துத் தனியே இருக்கப் பழகினேன். அறுபதுகளின் நடுவில், அந்நாட்டில் கடைகளும் நிறுவனங்களும் அரசின் கைக்குப் போய்விட, தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். அவரும் திரும்பினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், சுவரைப் பார்த்து உட்காரும் இந்தப் பழக்கம். இவை மூன்றும்தான் அவர் கொண்டுவந்தவை.

ஒரு வாரம் பொறுத்துக் கேட்டேன்.

"தினமும் என்ன பண்றீங்க?"

"கவனிக்கிறேன்."

"எதை?"

"மூச்சு வர்றப்ப வயிறு ஏறும். போறப்ப இறங்கும். அதைத்தான்."

"அதுல கவனிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதான் கஷ்டம்."

இரங்கூனில் வேலை நின்றுபோன கடைசிக் காலத்தில், உடன் வேலை பார்த்த பர்மியர் ஒருவர் இவரை ஒரு தியான நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே அலுவலகத்தாரும் கடைக்காரர்களும் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து உட்காருவது இயல்பாம். முறை எளியது. வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க வேண்டும். மனம் வேறு எங்காவது போனால், போன இடத்துக்கு ஒரு சிறு பெயரிட வேண்டும். நினைப்பு என்றால் நினைப்பு. வலி என்றால் வலி. கோபம் என்றால் கோபம். பெயரிட்டதும் விட்டுவிட்டு வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். நல்லதென்று மெச்சவும் கூடாது, கெட்டதென்று கடியவும் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது மட்டுமன்று, நடக்கையில், உண்ணுகையில், துணி உலர்த்துகையில், எப்போதும்.

பௌத்தம் அதுவரை எனக்குத் தேர்வுத் தாளில் வந்த சமயம். நால்வகை வாய்மையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மாணவியரை ஒப்பிக்கச் சொல்லி, மறந்தவளை நிற்க வைத்திருக்கிறேன். அது ஒருநாள் என் கூடத்துக்கே வந்து பாய் விரிக்கும் என்று நான் எண்ணியதில்லை.

வீட்டின் முன்பகுதியில் பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் இருந்தது. அவர் மனைவிக்கு இந்தப் பழக்கம் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது.

"டீச்சர், உங்க வீட்டுக்காரரு நேத்து கொல்லையில வேட்டி காயப் போட்டாரே, பாத்தீங்களா? ஒரு வேட்டிக்கு அவ்வளவு நேரமா? அந்த வேட்டிக்கே வெக்கமாப் போயிருக்கும்."

"மெதுவாச் செய்யறது அவர் பழக்கம்."

"சாப்பிடுறது அதைவிட. எங்க மனுஷன் சோறு முழுங்குறது கண்ணுக்கே தெரியாது. இவரு ஒவ்வொரு பருக்கையையும் ஊரு பேரு விசாரிச்சுல்ல உள்ள அனுப்புறாரு!"

நானும் சிரித்தேன். ஆனால் அந்த மெதுவான கை, வேட்டியின் கரையை நீவி நீவி விட்ட கை, என் நெஞ்சில் எதையோ சுரண்டியது. இத்தனை ஆண்டு காத்திருந்தவள் நான். அந்தக் கவனத்தில் எனக்கென்று வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் புத்தி எனக்கு வந்துவிட்டிருந்தது.

திருச்சிராப்பள்ளியில் மரக்கடைப் பக்கம், மரம் அறுத்து விற்கும் ஒரு மரவாடியில் அவருக்கு வேலை கிடைத்தது. காலையில் ஒருவர்பின் ஒருவராகக் கிளம்புவோம்; மாலையில் நான் முதலில் திரும்புவேன். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நாங்கள் நல்ல குடும்பம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் இரங்கூனில் இருந்தபோது எனக்கு வந்த நச்சுக்காய்ச்சலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கடிதத்தில் அதை எழுதியதில்லை. கடல் கடந்து இருப்பவரை வருத்துவானேன் என்று விட்டுவிட்டிருந்தேன். தலைமுடி கொட்டியது, நாக்கு வெந்தது, பக்கத்தில் ஒருவரும் இன்றிச் சுவரோடு பேசியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நடுவில் ஒரு கணம் எனக்கு ஐயம் வந்தது.

"நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது."

"இப்ப என்ன சொன்னேன்?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். விழித்தார்.

"கேக்கிறேன், கேக்கிறேன்னு கவனிச்சுக்கிட்டிருந்தேன். அதுல... நீ சொன்ன விஷயத்தை விட்டுட்டேன்."

நான் எழுந்து கொல்லைக்குப் போய், ஏற்கெனவே துலக்கியிருந்த பாத்திரங்களை மறுபடியும் துலக்கினேன். முன்பகுதிக்காரி சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், விருந்தாளி யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டாள்.

விருந்தாளி ஆனி மாதத்தில் வந்தார். அவரும் பர்மாவிலிருந்து திரும்பியவர், இவரைவிட இளையவர், இரங்கூனில் இவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்தவர். திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டி நிலையத்தின் அருகே சிறு கடை போட்டிருந்தார். என்னை அண்ணி என்று அழைப்பார். அன்று வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்துடன் வந்து, உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டார். வடக்கே ஒரு விகாரையில் பர்மியத் துறவி ஒருவர் தங்கியிருக்கிறார்; ஆடி முழுமதியிலிருந்து மூன்று மாதம், மழைக்காலம் முழுவதும், அங்கேயே தவமிருப்பார்; விரும்பும் இல்லறத்தாருக்குத் துவராடை அளித்துத் துறவு தருகிறார்; ஆடி முழுமதிக்கு முன் போய்ச் சேர வேண்டும்.

"அண்ணனும் நானும் போகலாம்னு நினைக்கிறோம் அண்ணி. அண்ணன் வாயைத் தொறக்க மாட்டாரு. அதான் நான் கேக்கிறேன். கல்யாணம் ஆனவங்களுக்குச் சம்சாரம் சரின்னு சொல்லணும். அது பர்மா வழக்கம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கடலையின் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

"துறவுன்னா, மொட்டை அடிச்சுக்கிட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"மொட்டை மட்டுமா, புருவத்தையும் சேத்து எடுத்துடுவாங்க! அதுக்கு ஏன் அண்ணி இப்படி மூஞ்சிய வெச்சுக்கறீங்க? அங்கெல்லாம் புருஷன் சாமியாராப் போறான்னா பொம்பளைங்க கல்யாணம் மாதிரிப் பந்தல் போட்டு, ஊருக்கே விருந்து வெச்சு அனுப்புவாங்க. இங்கதான் இழவு விழுந்த மாதிரி."

"அங்க போறவங்க திரும்பி வருவாங்களா?"

"பெரும்பாலும் மழைக்காலம் முடிஞ்சதும் வந்துருவாங்க."

"பெரும்பாலும்?"

"சில பேருக்கு அங்க நல்லாத் தூக்கம் வந்துரும், தங்கிருவாங்க," என்று சொல்லித் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் கடலைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

அவர் போன பிறகு நான் நேராகக் கேட்டேன்.

"போகணும்னு உங்களுக்கு ஆசையா?"

"ஆமா."

"மூணு மாசம் கழிச்சு வந்துருவீங்களா?"

"தெரியல" என்றார். பிறகு, "நீ சரின்னு சொல்லாம போக மாட்டேன். இன்னொரு தடவை கேக்கவும் மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், மறுத்திருப்பேன், சண்டையிட்டிருப்பேன். கேட்காத ஒன்று வீட்டில் இருந்தது. குழம்பு கொதிக்கையில் இருந்தது. விளக்கை ஏற்றுகையில் இருந்தது. பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடக்கையில், மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் மணல்திட்டுகளை ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்தபடி, சொல்லிவிடலாமா, சொல்லாவிட்டால் என்ன என்று அக்கரை சேரும்வரை புரட்டிக்கொண்டே போவேன். வகுப்பில் ஒரே செய்யுளுக்கு இரண்டு முறை பொருள் சொன்னேன். முதல் வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நண்பர் வாரத்துக்கொருமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு காரணம் சொன்னேன். வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, இப்போது விடுப்புக் கேட்டால் நன்றாக இராது என்றேன். வடக்கத்திக் குளிர் அவர் உடம்புக்கு ஆகாது என்றேன். "மழைக்காலத்துல குளிரா?" என்றார் அவர். உறவினர் என்ன சொல்வார்கள் என்றேன். என் காரணங்கள் எல்லாம் நன்றாகக் கட்டப்பட்டவை. ஆயினும் அவர் போனதும் அவற்றில் ஒன்றையும் நான் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்போதுதான் நானும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். பக்தியால் அன்று. பகைவன் கோட்டைக்குள் நுழைந்து பார்க்கும் ஒற்றனைப் போல, என்னை விட்டுப் போகும்படி இவரை இழுப்பது எது என்று அறிய விரும்பினேன். பள்ளியிலிருந்து திரும்பி, அவர் வருவதற்கு முன், அதே பாயை மடித்துப் போட்டு அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

வயிறு ஏறியது, இறங்கியது. தெருவில் வண்டி போனது. ஓசை என்று பெயரிட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு நெஞ்சில் ஏதோ சுரீரென்று எழுந்தது. அதற்குப் பெயரிட வேண்டும். சினமா? சினம் வந்தவுடன் தணிவது, இது தணியவில்லை. செற்றமா? அது நெடுங்காலம் நெஞ்சில் நிற்கும் பகை. அவ்வளவு கொடிய சொல்லுக்கு இவர் என்ன செய்துவிட்டார்? அழுக்காறு என்று சொல்லலாம். ஆனால் ஒரு சுவரின்மீது யாராவது அழுக்காறு கொள்வார்களா? ஊடல் என்று ஒரு சொல் வந்தது. காதோரம் நரைத்தவளுக்கு அந்தச் சொல் ஆகுமா என்று நாணினேன். இந்த நாணத்துக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டுமே என்று தேடப் போனேன். தேடி முடித்தபோது, முதலில் எழுந்தது எப்போதோ போய்விட்டிருந்தது. எழுந்திருக்கையில் என் மனம் சிறிதும் அமைதியடையவில்லை. சொல்வளம் மட்டும் செழிப்பாக இருந்தது.

நாள்தோறும் இப்படியே நடந்தது. வெட்கத்தை விட்டு ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தார். பிறகு சிரித்தார். கப்பலிலிருந்து இறங்கிய நாள்முதல் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நீ மனசைக் கவனிக்கலை. பரீட்சைப் பேப்பர் மாதிரித் திருத்துறே. சிவப்பு மையில."

"வேற எப்படிப் பண்றது? வந்ததுக்குச் சரியான பேர் வேண்டாமா?"

"சரியான பேர் எதுக்கு? இப்ப வாசல்ல ஒருத்தன் வந்து நின்னா, 'யாரோ வந்திருக்காங்க'ன்னாப் போதும். நீ அவன் ஜாதகத்தை வாங்கிப் பாத்துக்கிட்டிருக்கே. அவன் போயிட்டான்."

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். சிரிப்பு அடங்கியிருந்தது.

"நான் மட்டும் என்ன ஒழுங்கு. அன்னைக்கு நீ காய்ச்சலைப் பத்திச் சொன்னப்ப, கேக்கிறேன் கேக்கிறேன்னு போட்டுக்கிட்டிருந்தேன் பாரு. அது கவனிப்பு இல்ல. கேட்டாத் தாங்காதுன்னு ஓடிட்டேன்."

"எங்க ஓடினீங்க?"

"வயித்துக்கு."

இருவரும் சிரித்துவிட்டோம். சுவருக்கு அப்பாலிருந்து முன்பகுதிக்காரியின் குரல் வந்தது. "என்ன டீச்சர், இன்னைக்கு சார் பருக்கை எல்லாத்தையும் ஒரே வாயில போட்டுட்டாரா?"

அந்தச் சிரிப்புக்குப் பிறகு என் நிலை இன்னும் மோசமாகிவிட்டது. அதுவரை, அறிமுகம் சரியாக இல்லாத ஒருவரைத் துறவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. இப்போது எனக்குப் பிடித்துப்போன ஒருவர் போவதாக ஆகிவிட்டது. சரி என்று சொன்னால் பெருந்தன்மை. ஊரில் இல்லாத வழக்கம் ஒன்றை அறிந்து ஏற்றவள் என்ற பெயரும் வரும். அந்தப் பெயர்மீது எனக்கு ஆசை இருந்தது என்பதையும் அந்தச் சுவரின் முன்தான் கண்டேன். சில நாள் சரி என்று சொல்லிவிட வாய்வரை வந்து, சாம்பாரில் உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.

ஆடி பிறந்தது. ஒரு மாலை வழக்கம்போல் உட்கார்ந்திருந்தேன். தொப்புளுக்குக் கீழே ஏதோ இறுகியது. குளிர்ந்த இரும்பை வைத்தாற்போல் இருந்தது. பெயர் தேடவில்லை. தேடத் தோன்றவில்லை என்பதே சரி. பள்ளியில் அன்று வேலை மிகுதி, களைத்திருந்தேன். அது இறுகியது; மூச்சு அதன்மேல் ஏறி இறங்கியது; மேலும் இறுகியது. எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. அப்போது வாசலில் அவர் செருப்பின் ஓசை கேட்டது. கேட்ட அந்தக் கணத்தில் அந்த இறுக்கம் தானாகத் தளர்ந்தது. வெந்நீர் ஊற்றியது போல் வயிறு முழுவதும் இளகியது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. பயம். அவ்வளவுதான். எந்தக் குழந்தையும் சொல்லிவிடும் சொல். வாரக்கணக்காக அகராதி முழுவதையும் அதன்மேல் போர்த்தி வைத்திருந்தேன்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, நண்பர் மதிய இடைவேளையில் பள்ளிக்கே வந்துவிட்டார். காவலாளி சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, வாயிற் கம்பிக்கு அப்பால் நின்று சொன்னார். "அண்ணி, நாளைக்கு டிக்கெட் எடுத்தாகணும். ஒண்ணா ரெண்டான்னு மட்டும் சொல்லிருங்க. நான் உங்களை வற்புறுத்தல. ஆனா எனக்குத் தனியாப் போகவும் கொஞ்சம் பயந்தான்." காலையில் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அவருக்கும் பயம் இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

அன்று மாலை பள்ளியில் நேரமாகிவிட்டது. தெப்பக்குளம் நிறுத்தத்தில் பேருந்து ஏறியபோது பின்பக்கம் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். மரவாடியின் தூள் தலைமயிரில் ஒட்டியிருந்தது. நான் முன்னால் பெண்கள் இருக்கையில் அமர்ந்தேன். வீட்டில் சுவர் மெல்லியது. முன்பகுதிக்குக் கேட்காமல் எதையும் சொல்ல முடியாது. எங்கே வைத்துச் சொல்வது என்று எண்ணிக்கொண்டிருக்கையில், பாலத்தின் மேல் ஏறிய சிறிது தொலைவில் பேருந்து இருமுறை இருமி நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"எல்லாரும் எறங்கி நடங்க. இது இனிமே நகராது."

"காசைத் திருப்பிக் குடுய்யா!" என்றார் ஒருவர்.

"காத்து வாங்கறதுக்குக் காசு யாரு கேட்டா? போய்யா, நல்லா வாங்கிக்கிட்டே போ."

நாங்கள் நடந்தோம். ஆடிக் காற்று புடைவையைப் பிடுங்கியது. கீழே காவிரி இருகரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் நான் நின்றேன்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"கேப்பீங்களா, இல்ல கவனிப்பீங்களா?"

அவர் கைப்பிடிச் சுவரில் கை வைத்து என் பக்கம் திரும்பினார். "கேக்கிறேன்."

"இத்தனை நாளா உங்க தம்பிகிட்ட நான் சொன்ன காரணம் ஒண்ணும் நிஜமில்ல. வேலை, உடம்பு, சொந்தக்காரங்க, எதுவும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க அங்க போனாத் திரும்பி வர மாட்டீங்க. நான் மறுபடி தனியா இருக்க மாட்டேன். போக வேண்டாம்."

இதைவிடச் செம்மையாகச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்கூட வரவில்லை. தலையில் வாழையிலைக் கட்டோடு ஒருவர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, "சண்டைய வீட்டுல போய்ப் போடுங்கம்மா, வழிய விடுங்க" என்றார். ஒதுங்கினோம். அவர் போனார்.

என் கணவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் சலனம் இருந்தது. பிறகு கேட்டார்.

"காய்ச்சல் வந்தப்ப உன்னை யாரு பாத்துக்கிட்டாங்க?"

நான் எதிர்பார்த்த பதில் அதுவன்று. நடந்துகொண்டே சொன்னேன். அப்போது முன்பகுதியில் வேறு குடும்பம் இருந்தது. அவர்கள் கதவுக்கு வெளியே கஞ்சியை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள், தொற்றும் என்று பயம். கதவுவரை தவழ்ந்து போய் எடுத்துக்கொள்வேன். "கஞ்சி ஆறிப் போயிருக்குமே" என்றார். ஆறித்தான் இருக்கும் என்றேன். "முடி எப்ப மறுபடி முளைச்சுது?" என்றார். "எனக்கு ஏன் எழுதலை?" என்றார். பாலம் முடிந்து மாம்பழச் சாலையில் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். தெருமுனையில் விளக்குக் கம்பத்தருகே நின்று, "சரி, போகல" என்றார். காலையில் தாமே கடைக்குப் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

நண்பர் தனியாகப் போனார். புறப்படும் நாளன்று நிலையத்துக்குப் போய் நான் கட்டிக்கொடுத்த புளியோதரையைக் கொடுத்துவிட்டு வந்தோம். "விருந்து வெச்சு அனுப்புறீங்க அண்ணி, அதுவரைக்கும் சந்தோஷம்," என்றார். வண்டி நகர்ந்த பிறகும் என் கணவர் சற்று நேரம் நடைமேடையிலேயே நின்றார்.

வென்றவளுக்கு உறக்கம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. ஆடி முழுமதியன்று அவர் வழக்கத்தைவிட நெடுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகைப் பார்த்து ஒருவர் மகிழ்கிறாரா வருந்துகிறாரா என்று அறிய முடிவதில்லை. நானும் பின்னால் உட்கார்ந்தேன். பயத்தைப் பெயர் சொல்லிப் பார்த்தேன், அது சரி. ஆனால் பார்த்த பிறகு விட வேண்டும் என்பதல்லவா அந்த முறை? நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அது சொன்னபடி செய்தேன். ஒருவரின் வழியில் குறுக்கே நின்றேனா, அல்லது முதன்முறையாக ஓர் உண்மையைச் சொன்னேனா? இரண்டும் ஒரே செயலாக இருக்கக் கூடுமா? வயிறு ஏறியது, இறங்கியது. விடை வரவில்லை. பேருந்தில், வகுப்பில், அரிசி களைகையில், இந்தக் கேள்வி முன்னைய கேள்வியின் இடத்தில் வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்து ஆடிப்பெருக்கு வந்தது. முன்பகுதிக்காரியோடு அம்மா மண்டபத் துறைக்குப் போனோம். படிக்கட்டு முழுவதும் கூட்டம். எலுமிச்சைச் சோற்றின் மணமும் ஈரத் துணியின் மணமும் கலந்திருந்தன. பெண்கள் காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டுப் பழைய தாலிக்கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டுல பொம்பளைங்களே ஒருத்தருக்கொருத்தர் கட்டிக்குவோம். உங்களுக்கு யாரு டீச்சர்?"

"அவர் பக்கத்து வழக்கம், வீட்டுக்காரர்தான் கட்டணும்."

"இத்தனை வருஷம்?"

"நானே கட்டிக்கிட்டேன்."

"அப்ப இன்னைக்கு விட்றாதீங்க. சார், வாங்க இப்படி! ஆனா வேட்டி காயப் போடுற மாதிரிக் கட்டாதீங்க, பொழுது போயிரும்."

அவர் வந்து எனக்குப் பின்னால் மேற்படியில் உட்கார்ந்தார். மஞ்சள் ஈரம் காயாத கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பிடரியில் முடிச்சிடத் தொடங்கினார். விரல்கள் மெதுவாகத்தான் நடந்தன. அந்தக் கவனம் இப்போது என் கழுத்தில் இருந்தது. எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை. தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"மனசுல என்ன ஓடுது?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "நீங்க போயிருக்கலாமோன்னு ஓடுது" என்றேன்.

விரல்கள் நின்றன. ஆற்றில் யாரோ குழந்தையை முக்கி எடுத்தார்கள், அது வீறிட்டது.

"எனக்கும் அதான் ஓடுது" என்றார்.

"பின்ன?"

"ஓடட்டும். நீ தலையை ஆட்டாத, முடிச்சு விழல."